கசியாத ஓட்டை

"அவன் வெந்து சாகணும்" என்றார் முதலாளி.

சொல்லிவிட்டுக் காரின் கதவை மெதுவாக, சத்தமே வராமல் சாத்தினார். ஒரே மகனைப் பறிகொடுத்து ஒரு வாரம்கூட ஆகாத மனிதர். அந்த ஆத்திரத்திலும் கார்க் கதவை ஓங்கி அடிக்கவில்லை. கொசு அதை மனதில் முடிந்துகொண்டான். எதற்கு உதவும் என்று அவனுக்கே தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் முடிந்து வைத்துக்கொள்வது அவன் பிழைப்பு.

கொசு என்றதும் ஈர்க்குச்சி மாதிரி ஓர் ஆளை நினைத்துவிட வேண்டாம். ஆள் நூறு கிலோவுக்கு ஒரு கிராம் குறையமாட்டான். காதோரம் ஓயாமல் நொய் நொய்யென்று பேசுவதால் வந்த பெயர் அது. அவன் யாரிடம் வேலை பார்க்கிறானோ அந்தத் துப்பறிகிற மனிதருக்கு ஊரார் வைத்த பெயர் ஊசி. அவர்தான் ஈர்க்குச்சி. பேசுவது குறைவு, பேசினால் குத்தும். இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீட்டுப் படியேறினால் அந்த வீட்டில் யாராவது ஒருவருக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

முதலாளி அவர்களைத் தன் காரிலேயே ஏற்றி வந்து, தன் உணவகத்தின் பின்சந்தில் இறக்கியிருந்தார். தினமும் காரை நிறுத்துகிற அதே இடம். வெள்ளை வெளேரென்று கண்ணாடி போல் துடைத்த கார். உயரமான கொசுவின் கண்ணுக்கு அதன் கூரையும் தெரிந்தது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் வேறு மாதிரி வெள்ளையாக இருந்தது. "காருக்கும் வழுக்கை விழுது தலைவரே" என்று ஊசியின் காதில் ஓதினான். ஊசி திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். பட்டப்பகலில் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. தீ புகைக்குழாய்க்குள் ஏறியது. மாடியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் மகன் அறைக்குள்ளேயே செத்துப்போனான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. அடுப்பில் நின்றவர் தலைமைச் சமையல்காரர், எல்லோருக்கும் மாஸ்டர். அவர் இப்போது ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் கிடக்கிறார். போலீஸ்காரர்கள் கவனக்குறைவு என்று வழக்கு எழுதப் பார்க்கிறார்கள். முதலாளிக்கு அது போதாது. முந்தின நாள் மகன் அந்த மாஸ்டரை எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறான். அந்த வன்மத்தில், தீயணைக்கிற கைப்பிடியை வேண்டுமென்றே இழுக்காமல் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார் என்பது முதலாளியின் கட்சி. அதை நிரூபித்துக் கொடுக்கத்தான் ஊசியை அழைத்திருந்தார். மாஸ்டர் அன்று மாலை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் போகிறார் என்றும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றும் அவசரப்படுத்தினார்.

"என் பையன் மூச்சு முட்டிச் செத்தான்" என்றார் முதலாளி. "அதுக்குக் காரணமானவன் யாரா இருந்தாலும், சாகும்போது அவன் வாயில தண்ணி ஊத்த ஆள் இருக்கக்கூடாது. அவன் பெத்தது அவன் கண்ணு முன்னாடி போகணும்."

"யாரா இருந்தாலும்?" என்று கேட்டார் ஊசி.

"யாரா இருந்தாலும்."

ஊசி தலையை ஆட்டிவிட்டு உள்ளே நடந்தார்.

சமையலறைக்குள் கருகிய எண்ணெய் வாடை வந்து தொண்டையில் உட்கார்ந்தது. அடுப்புகளின் மேல் நீளமாக ஒரு தகரக் கூண்டு. அடுப்புப் புகையெல்லாம் அதற்குள் ஏறி, ஒரு பெரிய தகரக் குழாய் வழியாகச் சுவரைத் துளைத்துப் பின்சந்துக்குப் போய், அங்கே வளைந்து, மாடி ஜன்னலை உரசிக்கொண்டு கூரைக்கு மேல் போய்ச் சேரும். புகையோடு எண்ணெய்ப் பிசுக்கும் போகும், போய்க் குழாய்க்குள் அப்பிக்கொள்ளும். தீ தாவினால் அந்தப் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறும். அதற்காகத்தான் கூண்டுக்குள்ளும் குழாய்க்குள்ளும் அணைப்பு மருந்து பீய்ச்சுகிற சின்ன வாய்கள் வைப்பது. தொழில்காரர்கள் நாசில் என்பார்கள். சுவரில் இருக்கிற சிவப்புக் கைப்பிடியை இழுத்தால், சிலிண்டரில் இருக்கிற மருந்து எல்லா நாசில் வழியாகவும் ஒரே நேரத்தில் பாய வேண்டும். பிசுக்கு ஏறி அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு நாசிலுக்கும் ஒரு குட்டித் தொப்பி உண்டு. மருந்து பாய்கிற வேகத்தில் தொப்பி கழன்று, கோத்திருக்கிற கம்பியில் தொங்கும்.

கூண்டுக்குள் இருந்த தொப்பிகள் அத்தனையும் கழன்று தொங்கின. அடுப்பெல்லாம் மருந்து காய்ந்து வெள்ளைப் பொருக்காகக் கிடந்தது. சிவப்புக் கைப்பிடி முழுசாகக் கீழே இறங்கியிருந்தது.

"இழுத்திருக்காரே" என்றான் கொசு.

தாமதமாக இழுத்திருப்பான், எல்லாம் எரியட்டும் என்று பார்த்துவிட்டு ஒப்புக்கு இழுத்திருப்பான் என்றார் முதலாளி. ஊசி எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்த்தார். கொசுவையும் பார்க்கச் சொன்னார். சட்டியில் விளிம்புக்கு விரற்கடை கீழே வரை எண்ணெய் கருப்பாக நின்றது.

"எவ்வளவு நேரம் எரிஞ்சிருக்கும்?"

கொசு மோவாயைத் தடவினான். "எங்க வீட்டுக்காரி அடுப்புல வச்சுட்டுப் பக்கத்து வீட்டுல வம்பளக்கப் போனா சட்டியில அடிதான் மிஞ்சும். இது அப்படியே இருக்கு தலைவரே. பிடிச்ச உடனே அணைஞ்சிருக்கு."

"அப்ப இழுத்தவர் உடனே இழுத்திருக்கார்" என்றார் ஊசி.

அடுத்தது பின்சந்து. குழாய் சுவரைவிட்டு வெளியே வந்து மேலே வளைகிற இடத்தில், சுத்தம் செய்வதற்காக ஒரு சின்னத் தகரக் கதவு இருந்தது. ஏணி வைக்க இடம் வேண்டும் என்றதும் முதலாளி காரைத் தானே எடுத்து ஓரமாக நகர்த்தினார். கார் நின்றிருந்த தரையில் பழைய கறை ஒன்று கிடந்தது. கருப்பு வெளிறிச் சாம்பலாகிப்போன கறை. ஊசி குனிந்து அதை விரலால் சுரண்டினார். பிறகு அண்ணாந்து குழாயைப் பார்த்தார். பிறகு கொசுவைப் பார்த்தார்.

"நானா?" என்றான் கொசு. "தலைவரே, இந்த ஏணியைச் செஞ்சவன் என்னை மனசுல வச்சுச் செய்யலை. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லுங்க. அவ சந்தோஷப்பட்டா எனக்குத் தெரிய வேண்டாம்."

புலம்பிக்கொண்டே ஏறினான். ஏணியும் சேர்ந்து புலம்பியது. சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவன், சட்டென்று பேச்சை நிறுத்தினான். கொசு பேச்சை நிறுத்துவது நல்ல சகுனமில்லை.

உள்ளே நாசில் இருக்கிறது என்றான். ஆனால் அதன் தொப்பி கழலவில்லை, போட்டது போட்டபடி இருக்கிறது. கீழே அத்தனை நாசிலிலும் பாய்ந்த மருந்து இந்த ஒன்றில் மட்டும் பாயவில்லை.

பிசுக்கு அடைத்திருக்கும், சுத்தம் செய்ய வேண்டியது அந்த மாஸ்டர்தானே என்றார் முதலாளி உடனே. ஊசி அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கொசு, வெளிப்பக்கம் பாரு. தகரத்துல மூட்டு மூட்டா என்ன தெரியுது?"

"வழிஞ்சிருக்கு. எல்லா மூட்டுலயும் தீச்சூட்டுல எண்ணெய் உருகிக் கசிஞ்சு கருப்பா வழிஞ்சிருக்கு. மூக்கு சிந்தத் தெரியாத பிள்ளை மாதிரி."

"மருந்துக் குழாய் உள்ள நுழையற இடத்துல?"

கொசு டார்ச்சை அங்கே திருப்பினான். வெளியிலிருந்து விரல் தடிமனில் ஓர் இரும்புக் குழாய் வந்து, உள்ளே நாசில் இருக்கிற இடத்துக்கு நேராகத் தகரத்தில் முட்டி நின்றது. அதைச் சுற்றித் தீயின் கரி இருந்தது. கசிவு மட்டும் இல்லை.

"சுத்தமா இருக்கு தலைவரே."

"மூட்டுல ஆணி போன ஓட்டையெல்லாம் கசிஞ்சிருக்கு. விரல் தடிமன் ஓட்டை கசியலையா? இழு அதை."

கொசு இழுத்தான். பெரிய பலம்கூட தேவைப்படவில்லை. குழாய் பொசுக்கென்று கையோடு வந்துவிட்டது. ஏணி ஆடி, கொசு ஆடி, இரண்டும் ஒரு வழியாக நின்றன. குழாய் இருந்த இடத்தில் ஓட்டையே இல்லை. கருகிய பசையும் வெறும் தகரமும்தான் இருந்தன. உள்ளே ஒரு நாசிலைத் திருகி வைத்து, வெளியே ஒரு குழாயைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். குழாயின் மறுமுனையும் சுவரில் சும்மா சொருகி நின்றதே தவிர எதோடும் சேரவில்லை. சோதனைக்கு வருகிற அதிகாரி கதவைத் திறந்து டார்ச் அடித்தால் நாசில் தெரியும், வெளியே பார்த்தால் குழாய் தெரியும். நடுவில் ஓட்டை இருக்கிறதா என்று எவன் பார்க்கிறான்? அடப்பாவிகளா, ஒரு பிள்ளையின் உயிரைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள்.

கொசுவுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. வளைவின் அடிவயிற்றில் வட்டமாக ஒரு தகர வில்லை, ரிவெட் அடித்து மூடியது. அதைச் சுற்றி மட்டும் கெட்டிப்பட்ட பழைய கசிவு. இங்கே ஒரு காலத்தில் நிஜமான ஓட்டை இருந்திருக்கிறது என்று கீழே குரல் கொடுத்தான். ஊசி அதைக் கேட்டும் கேளாதவர் போல் முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"இதை மாட்டினது யாரு?"

முதலாளியின் முகத்தில் ரத்தமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டியது தன் மனைவியின் தம்பி என்றார். தீயணைப்புச் சாதனக் கடை வைத்திருக்கிறான், சொந்தமாயிற்றே என்று நம்பிக் கொடுத்தது என்றார். குரலைத் தாழ்த்தினார்.

"இதை வெளியில விட வேண்டாம். குடும்ப விஷயம். நீங்க அந்தச் சமையல்காரனை மட்டும் பாருங்க."

"யாரா இருந்தாலும்னு சொன்னீங்க" என்றார் ஊசி, குழாயைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் மாஸ்டரைப் பார்த்தபோது கொசு வழக்கமான கேலியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. மனிதருக்கு இரண்டு உள்ளங்கையிலும் மணிக்கட்டு வரை கட்டு. மாடி அறையின் இரும்புத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து பிடித்து உலுக்கிய கைகள். அந்தக் கைகளோடு அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது முதலாளி வந்து இடுப்பில் எட்டி உதைத்தார் என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரரே சொன்னார். மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கைப்பிடியை உடனே இழுத்தது எங்களுக்குத் தெரியும், எதற்கு இன்று கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்று ஊசி கேட்டார். மாஸ்டர் சுவரிடம் பேசுவது போலவே பேசினார்.

"இழுத்தேன் சார். அடுப்பு அணைஞ்சுது. தம்பி மேலேருந்து என்ன புகைன்னு கத்திக் கேட்டுச்சு. நான்தான் சொன்னேன், ஒண்ணுமில்ல தம்பி, அணைஞ்சுடுச்சு, ஜன்னலையும் கதவையும் சாத்திக்கிட்டு உள்ளேயே இருங்கன்னு. அது என் பேச்சைக் கேட்டுச்சு சார். அப்புறம்தான் குழாய்க்குள்ள சத்தம் கேட்டுது."

கொசு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"நான் சொல்லலைன்னா அது இறங்கி வந்திருக்கும். திட்டினாலும் நல்ல பிள்ளை சார். என்ன எழுதியிருக்காங்களோ அதுல போடறேன். கட்டைவிரல் ரேகை வைக்கக்கூட விரல் இல்ல, கால்ல வச்சுக்கட்டும்."

வெளியே வந்ததும் கொசுவுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தக் கடைக்காரன் கழுத்தைத் திருகினால்தான் சோறு இறங்கும் என்றான். ஊசி ஒரு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டு, நான் வருகிற வரை மாஸ்டரிடம் எதிலும் ரேகை வாங்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவர்கள் மாலை வரைதான் பொறுப்போம் என்றார்கள்.

தீயணைப்புச் சாதனக் கடை பெரிய தெருவில் இருந்தது. வாசலில் சிவப்பு சிலிண்டர்கள் பளபளவென்று வரிசையாக நின்றன. முதலாளியின் மைத்துனர் மேஜைக்குப் பின்னால் தாடி மழிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஊசி ஒன்றும் கேட்கவில்லை. செய்தித்தாளைப் பிரித்துக் குழாயை மேஜை மேல் வைத்தார்.

மைத்துனர் அதைப் பார்த்தார். "நான்தான்" என்றார்.

"ஏன்?"

"மிச்சம் பிடிக்க. எல்லாம் நான்தான். போலீஸ்ல சொல்லுங்க, நானே வரேன்."

"அந்தப் பையனுக்குத் தாய்மாமன் நீங்க. தோள்ல தூக்கி வச்சு வளர்த்தீங்களாமே. கடைசியில இறக்கிக் கொண்டுவந்ததும் நீங்கதானாமே. கனமா இருந்தானா?"

கொசுவுக்கே தூக்கிவாரிப் போட்டது. மைத்துனர் மேஜைக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையை இழுத்து அதில் வாந்தி எடுத்தார். ஊசி அவர் எடுத்து முடிக்கும் வரை காத்திருந்தார். மனுஷனா இவர் என்று கொசு நினைத்தான், அப்படி நினைப்பது அது முதல் தடவையுமல்ல.

"வளைவுக்கு அடியில ஒரு ஓட்டையை மூடியிருக்கீங்க. அது எதுக்கு?" என்று கேட்டார் ஊசி.

மைத்துனர் வாயைத் துடைத்துக்கொண்டார். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. எவ்வளவு குடைந்தும் வரவில்லை. அக்காவிடம் மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க, உங்க அத்தான் வீட்டுக்குப் போகலாம்" என்றார் ஊசி.

மைத்துனர் வண்டியை எடுத்துவரப் போன நேரத்தில் கொசு ஊசியை ஓரம் கட்டினான். ஆள் ஒத்துக்கொண்டாயிற்று, போலீசில் ஒப்படைக்க வேண்டியதுதானே, அங்கே மாஸ்டர் கால் விரலை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்றான். ஊசி அவனை அலுப்போடு பார்த்தார்.

"திருடணும்னு வந்தவன் பூட்டை உடைப்பானா, புதுப் பூட்டு மாட்டுவானா? மிச்சம் பிடிக்க நினைச்சவன் முதல்லயே ஓட்டை போடாம பசையில ஒட்டிட்டுப் போயிருப்பான். இந்த ஆள் முதல்ல ஒழுங்கா ஓட்டை போட்டு, ஒழுங்கா நாசில் மாட்டியிருக்கார். அப்புறம் தன் கையாலயே அதை மூடியிருக்கார். யாருக்காக?"

கொசு யோசித்தான். நூறு கிலோவும் யோசித்தது. ஒன்றும் பிடிபடவில்லை.

முதலாளியின் வீட்டுக் கூடத்தில் மகனின் பெரிய படம் சுவரில் மாட்டியிருந்தது. சிரித்த முகம். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. முதலாளியம்மா அன்றிலிருந்து அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை என்று சொன்னார்கள்.

மைத்துனரைக் கண்டதும் முதலாளி எழுந்தார். இவன் எல்லாம் ஒத்துக்கொண்டான் என்று ஊசி சொன்னதுதான் தாமதம், காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார். முகத்தில் அடித்தார். கூடப் பிறந்தவன் மாதிரி வைத்திருந்தேனே என்று சொல்லிச் சொல்லி அடித்தார். மைத்துனர் கையைக்கூடத் தூக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தடுக்கப் போன கொசுவின் மணிக்கட்டை ஊசி பிடித்து நிறுத்தினார். அவர் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போதும்" என்றார் கடைசியில். "செருப்பைக் கையிலேயே வச்சுக்குங்க. இன்னும் வேலை இருக்கு. உங்க கார் கூரையில ஓரிடத்துல வேற வெள்ளை இருக்கே, அது எப்படி வந்துச்சு?"

முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் சொல்றேன். தப்புன்னா நிறுத்துங்க. கார் அப்ப புதுசு. அதே சமயத்துல இந்த ஆள் குழாய்ல நிஜமான ஓட்டை போட்டு, நிஜமான நாசில் மாட்டினார். ஆனா ஓட்டையைச் சுத்தி ஒழுங்கா அடைக்கலை. அடைக்கணும்னா அடுப்பை ரெண்டு நாள் அணைச்சுப் போடணும், அதுக்கு நீங்க விட்டிருக்க மாட்டீங்க. அது கசிஞ்சுது. தரையில இன்னும் கறை இருக்கு. கசிஞ்சது சுடச்சுட நேரா உங்க கார் கூரையில விழுந்துச்சு. பெயின்ட் பொரிஞ்சு கறையாச்சு, மேல வேற பெயின்ட் அடிச்சு மறைச்சீங்க. இவரைக் கூப்பிட்டீங்க. என்ன சொன்னீங்க?"

கிழிந்த உதட்டோடு பதில் சொன்னவர் மைத்துனர்தான். குரல் எழும்பவே இல்லை.

"என் கார் மேல ஒரு சொட்டு விழக்கூடாது, அதிகாரி வந்தா கண்ணுக்குத் தெரியணும், நடுவுல என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாதுன்னீங்களே அத்தான்."

கொசுவுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று வந்து சேர்ந்தது. காலையில் சத்தமில்லாமல் சாத்திய கார்க் கதவு நினைவுக்கு வந்தது.

"நான் ஓட்டையை அடைக்கத்தான் சொன்னேன்" என்றார் முதலாளி. செருப்பு கையிலிருந்து நழுவியது. "வேற இடத்துல போட்டிருப்பான்னு நினைச்சேன். சத்தியமா வேற இடத்துல போட்டிருப்பான்னுதான்..."

"கேட்டீங்களா?"

அவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

"கேட்கத் தேவையில்ல. தினமும் அதுக்குக் கீழேயேதான் காரை நிறுத்தறீங்க. ஓட்டை இருந்தா சொட்டும்னு உங்களுக்குத் தெரியும். சொட்டலை. தினமும் சாயங்காலம் காரைச் சுத்தி வந்து தடவிப் பார்த்து, ஓட்டை இல்லைன்னு தெரிஞ்சுகிட்டுத்தான் வீட்டுக்கு வந்தீங்க. அந்த மாஸ்டர் மேல எல்லாத்தையும் ஏத்திட்டா உங்களுக்குத் தூக்கம் வரும். அதுக்குத்தான் எங்களைக் கூப்பிட்டீங்க." ஊசி சுவரில் இருந்த படத்தை ஒரு பார்வை பார்த்தார். "காலையில ஒரு தண்டனை சொன்னீங்க. காரணமானவன் பெத்தது அவன் கண்ணு முன்னாடி போகணும்னு. அது நடந்து முடிஞ்சாச்சு."

முதலாளி தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊசிக்கு இரக்கம் என்ற ஒன்று எங்கேயாவது இருக்கிறதா என்று கொசு அவர் முகத்தில் தேடிப் பார்த்தான். அவர் போனை எடுத்து, போலீஸ் நிலையத்துக்குப் போட்டு, அதை முதலாளியின் காதில் வைத்துப் பிடித்தார்.

"மாஸ்டர் கைப்பிடியை உடனே இழுத்துட்டாருன்னு சொல்லுங்க. குழாயில ஓட்டையே இல்லைன்னு சொல்லுங்க. யார் சொல்லி இல்லைங்கறதையும் நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை தடுக்கித் தடுக்கி, ஆனாலும் முழுசாகச் சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் நம்பாமல் இரண்டாவது தடவை கேட்டார். இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. மாஸ்டரின் கால் விரல் தப்பியது. அந்த ஆளின் மனது தப்புமா என்று கொசுவுக்குத் தெரியவில்லை. அதற்கு எந்தத் துப்பறிவாளரும் கிடையாது.

போனை வைத்ததும் முதலாளி ஊசியின் காலைப் பிடித்தார். ஜெயிலுக்குப் போகிறேன், எங்கே வேண்டுமானாலும் வருகிறேன், அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் தாங்கமாட்டாள் என்று கெஞ்சினார். கடையில் மைத்துனர் கும்பிட்டுக் கேட்டதும் இதையேதான். ஊசி உள்ளறைப் பக்கம் பார்த்தார். கொசுவும் திரும்பினான்.

ஒருக்களித்திருந்த கதவு முழுசாகத் திறந்திருந்தது. முதலாளியம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ரத்தம் வழிகிற தம்பியைப் பார்த்தார். தரையில் கிடந்த புருஷனைப் பார்த்தார். அழுகை ஒரு சொட்டு இல்லை. நாள்கணக்கில் பேசாத தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டார்.

"கார்ல அந்தக் கறை போச்சாங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருஷமாக அந்தம்மா எது கேட்டாலும் உடனே பதில் சொல்லிப் பழகிய மனிதர். பழக்க தோஷம், ஆமாம் என்று தலையாட்டினார்.